காலையில் சாவி போடும் முன் பேட்டரியை அளந்துவிடுங்கள்

ராத்திரி முழுக்க நின்ற காரில், சாவியைத் தொடும் முன்பே பானெட்டைத் திறந்து மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் அன்றைக்கே சார்ஜ் போட வேண்டியதுதான்.

மார்கழி, தையில் ஊட்டிக்கு அருகில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையும் மந்தமாகிவிடும், என்ஜின் ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டருக்கு வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் கேட்கும். அதனால் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் பாதி சார்ஜிலும் ஓடுகிற வண்டி ஊட்டியில் காலையில் டிக் டிக் என்று மட்டும் சொல்லும்.

சார்ஜர் போடும்போது பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-அவரில் (ஏஎச்) பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும், 35 ஏஎச் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர். குளிருகிறது என்று ஷெட்டை இறுக மூடிவிட்டு சார்ஜ் போடாதீர்கள், ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. கிளிப்பை மாட்டுவதற்கோ கழற்றுவதற்கோ முன்னால் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

வண்டி ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். வயதான பேட்டரியும் சும்மா இருக்கையில் 12.6 காட்டும், ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் அதற்கு சார்ஜ் போட்டுப் பிரயோஜனமில்லை. லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.