கியர் நாப் வாங்குறதுக்கு முன்னாடி நட்டு வாங்குங்க
புது கியர் நாப் (கார் கியர் லீவர் தலையில கை வைக்கிற குமிழ்) ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டிட்டு, எம்10 நட்டுல (10 மி.மீ. தண்டுக்கான நட்டு) 1.25 பிட்ச் ஒண்ணு 1.5 பிட்ச் ஒண்ணு (பிட்ச்னா மரைக்கு மரை உள்ள இடைவெளி, மி.மீ.ல) வாங்கி லீவர்ல கையால திருகிப் பாருங்க, எது ஸ்பேனர் இல்லாம லேசா அடிவரைக்கும் இறங்குதோ அதான் உங்க சைஸ். ரெண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா தப்பானது ஒண்ணு ரெண்டு சுத்துலயே இறுகிடும், அதுக்கு மேல முறுக்கினா லீவர் மரை போச்சு. ரெண்டுமே சேரலைன்னா எம்8, எம்12 பாருங்க. பொருந்துன நட்டைத் தூக்கிப் போட்றாதீங்க, நாப்புக்கு அடியில லாக் நட்டா விட்டு இறுக்குனா கியர் நம்பர் நேரா நிக்கும், ஆடவும் ஆடாது. மரையே இல்லாம அழுத்தி மாட்டுற நாப், ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்குற டைப் இதுக்கெல்லாம் இந்த வேலை ஆகாது, அந்த மாடலுக்குன்னே வர்றதைத்தான் தேடணும்.