படச் செய்தி வந்ததும் காமிக்ஸ் வாங்கப் போகிறீர்களா? உண்மையான விலையைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு கதாபாத்திரம் படத்தில் வரப்போகிறது என்று செய்தி கசிந்தால் போதும், அது முதன்முதலாகத் தோன்றிய அமெரிக்க காமிக்ஸ் இதழின் விலை அன்று ராத்திரியே ஏற ஆரம்பித்துவிடும். நான் அப்படி ஒரு அலையில்தான் முதல் புத்தகத்தை வாங்கினேன். 2019 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் என்ற விழாவில் மார்வெலின் எடர்னல்ஸ் பட நடிகர்களை மேடையேற்றினார்கள், ஆகஸ்டில் ஜாக் கிர்பி எழுதி வரைந்த 1976ஆம் வருட எடர்னல்ஸ் முதல் இதழ், 9.6 கிரேடு, என் கையில் இருந்தது. படம் 2021 நவம்பரில் வெளியானது. அடுத்த மாதம் புத்தகத்தை விற்றேன், போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. படம் சரியாகப் போகவில்லை என்பது பாதிக் காரணம்தான். வாங்கிய அன்றே நான் அதிகம் கொடுத்திருந்தேன், அது ஏன் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிரேடு, ஸ்லாப் எல்லாம் என்னவென்று தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சிஜிசி, சிபிசிஎஸ் மாதிரி நிறுவனங்கள் புத்தகத்தைப் பார்த்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவார்கள். அந்த உறையோடு சேர்ந்ததுதான் ஸ்லாப். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: எந்தப் புத்தகம் என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதழின் பெயரும் எண்ணும் மட்டும் போதாது. எந்த அச்சு, அட்டையில் என்ன விலை, வேறு அட்டை உண்டா என்று மூன்றையும் பாருங்கள். இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலிஸ் முதலில் வந்த அல்டிமேட் ஃபால்அவுட் 4 (2011) இதழுக்கு இரண்டாம் அச்சும் உண்டு, மாற்று அட்டையும் உண்டு. இரண்டுக்கும் விலை வேறு.

"முதல் தோற்றம்" என்று விற்பவர் போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். வுல்வரின் 1974இல் இன்கிரெடிபிள் ஹல்க் 180இன் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டினான், 181இல்தான் முழுக் கதையில் வந்தான். சந்தை 181க்குத்தான் பெரிய பணம் கொடுக்கிறது. விற்பவர்கள் இரண்டு இதழுக்கும் ஒரே வார்த்தையைப் போடுவார்கள்.

ஸ்லாப் இல்லாத புத்தகம் என்றால் உள்ளே முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய இதழை விளம்பரங்கள் வரை அப்படியே நகலெடுத்து மார்வெல் இப்போது மறுபதிப்பாக விற்கிறது, அட்டையை மட்டும் பார்த்தால் அவசரத்தில் கண் ஏமாந்துவிடும்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

சிஜிசி லேபிள் நீலமாக இருந்தால் சாதாரண கிரேடு. மஞ்சள் என்றால் அவர்கள் ஆள் முன்னிலையில் போட்ட கையெழுத்து. ஊதா என்றால் புத்தகத்தைச் சீர்செய்திருக்கிறார்கள், வண்ணம் தொட்டிருக்கலாம், காகிதம் ஒட்டியிருக்கலாம். பச்சை என்றால் முக்கியமான ஒரு குறையைத் தனியாகக் குறிப்பிட்டுவிட்டு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். பச்சையில் 9.0 என்பதும் நீலத்தில் 9.0 என்பதும் ஒன்றல்ல. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பக்கங்களின் நிறமும் இருக்கும், வெள்ளையா, கொஞ்சம் பழுத்ததா என்று. பழைய புத்தகங்களில் அதற்கும் விலை உண்டு.

லேபிளில் இருக்கும் சான்று எண்ணை சிஜிசி தளத்தில் போட்டுப் பாருங்கள். பல புத்தகங்களுக்கு அவர்களே எடுத்த படம் இருக்கும். அந்தப் படத்தையும் விற்பவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டேபிள் இருக்கும் இடம், முதுகு ஓரத்தில் உள்ள சின்ன வெள்ளைக் கோடுகள், அட்டை வெட்டியிருக்கும் சாய்வு, மூன்றையும் ஒப்பிடுங்கள். உறையைத் திறந்து நல்ல புத்தகத்துக்குப் பதில் மட்டமானதை வைத்து ஏமாற்றிய விவகாரம் 2023 கடைசியில் வெளியே வந்தது, ஹல்க் 181 மாதிரி பெரிய புத்தகங்களும் அதில் அடிபட்டன. அதனால் இந்த ஐந்து நிமிட வேலையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

படி 3: விற்ற விலையைப் பாருங்கள், ஆனால் இப்படி

நான் தவறியது இங்கேதான், அதனால் மெதுவாகப் போகிறேன்.

கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்ற விலையைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஈபேயில் தேடி, "விற்றவை" வடிகட்டியைப் போட்டேன், அதே 9.6 கிரேடில் ஏழு விற்பனை வந்தது. ஏழையும் கூட்டிச் சராசரி எடுத்தேன், அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு புத்தகம் கிடைத்ததும் நல்ல பேரம் என்று வாங்கிவிட்டேன். ரொம்ப நாள் கழித்து, நான் சேமித்து வைத்திருந்த அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ஏழில் நாலு விலையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பக்கத்தில் பொடி எழுத்தில், வாங்குபவர் சொன்ன விலை ஏற்கப்பட்டது என்ற குறிப்பு. அதாவது நான் சராசரிக்கு எடுத்துக்கொண்டது விற்பவர் ஆரம்பத்தில் கேட்ட விலை. புத்தகம் அதற்கும் குறைவாகத்தான் கைமாறியிருக்கிறது, எவ்வளவு குறைவு என்பதை அந்தத் தளம் காட்டுவதில்லை. படச் செய்தி சூடாக இருக்கும் நேரத்தில் விற்பவர்கள் வாய்க்கு வந்த விலையைப் போட்டுவிட்டு வரும் பேரத்துக்குத் தலையாட்டுவார்கள், அதனால் இந்தக் கோடு போட்ட விலைகள் சரியாக அந்த நேரத்தில்தான் நிஜத்திலிருந்து அதிகம் விலகியிருக்கும்.

இப்போது நான் செய்வது இது. கோடு போட்ட விலைகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஏலத்தில் முடிந்தவற்றை மட்டும் எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் இரண்டு பேராவது போட்டி போட்டிருப்பார்கள். அப்புறம் ஒதுக்கியவற்றை 130 பாயின்ட் என்ற தளத்தில் தேடினால் பேரத்தில் முடிந்த உண்மைத் தொகை பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்த ஒரு தளம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் அந்தப் புத்தகத்தை வாங்கியே இருக்க மாட்டேன்.

இன்னொன்று. விற்பவர்கள் போட்ட புகைப்படங்களில் சான்று எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே எண் மூன்று வாரத்துக்குள் இரண்டு தடவை "விற்றது" என்று வந்தால், பெரும்பாலும் முதல் ஆள் பணம் கட்டவில்லை, அல்லது விலையை ஏற்றிக் காட்ட யாரோ வேண்டுமென்றே ஏலம் கேட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் முதல் விலையை அடித்துவிடுங்கள்.

ஈபேயில் சுமார் 90 நாள் விற்பனைதான் தெரியும். படச் செய்திக்கு முந்தைய விலை வேண்டுமென்றால் அது போதாது. அதற்கு ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் காப்பகம் எனக்குப் பிடித்தது, பதிவு செய்தால் இலவசம், பல வருட விற்பனை பெரிய படங்களோடு கிடைக்கும். ஆனால் அங்கே காட்டும் தொகையில் வாங்குபவர் கட்டும் ஏலக் கட்டணமும் சேர்ந்திருக்கும். கட்டணம் 20 சதவீதம் என்றால், 100 டாலருக்கு முடிந்த ஏலம் காப்பகத்தில் 120 என்று நிற்கும். ஈபே விலையோடு அதை நேராக ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். ஜிபிஏ என்ற கட்டணச் சேவை, கிரேடு செய்த புத்தகங்களின் விற்பனையை வருடவாரியாகத் தரும். பெரிய தொகை போடப்போகிறீர்கள் என்றால் ஒரு மாதச் சந்தா எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். 1970 முதல் வரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டை வரலாற்றுக்காக ஆசையோடு புரட்டுவேன், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை வரும் புத்தகத்தால் வாரத்துக்கு வாரம் மாறும் விலையைத் துரத்த முடியாது. "இந்த வாரச் சூடான பத்து" என்று பட்டியல் போடும் செயலிகளை அழித்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு புத்தகம் வரும் நேரத்துக்கு முன்கூட்டி வாங்கியவர்கள் விற்கத் தயாராக இருப்பார்கள்.

படி 4: எத்தனை இருக்கிறது?

சிஜிசி தன் தளத்தில் எந்த இதழுக்கு எந்த கிரேடை எத்தனை முறை கொடுத்திருக்கிறது என்ற கணக்கை இலவசமாகக் காட்டுகிறது. செய்தித் தலைப்புகளில் வரும் தொகைக்கெல்லாம் அடியில் இந்த எண்தான் இருக்கிறது. ஸ்பைடர்மேன் முதலில் வந்த அமேசிங் ஃபேன்டஸி 15 (1962) இதழுக்கு 9.6தான் உச்சம், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவு. அப்படி ஒன்று 2011இல் 11 லட்சம் டாலருக்குப் போனது, இன்னொன்று 2021 செப்டம்பரில் 36 லட்சம் டாலருக்குப் போனது. சூப்பர்மேன் பிறந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1 (1938), 8.5 கிரேடில், 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலர். இதே ஓட்டம் அல்டிமேட் ஃபால்அவுட் 4க்கும் வரும் என்று நினைக்காதீர்கள், அதில் 9.8 கிரேடு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 1991இல் வந்த எக்ஸ்-மென் 1 எண்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. பிற்காலத்தில் விலை ஏறும் என்று ஐந்தாறாக வாங்கிப் பெட்டியில் அடுக்கியவர்கள் ஏராளம், அந்தப் பெட்டிகள் இன்னும் திறந்தபாடில்லை.

கணக்கை ஒரு தடவை பார்த்தால் போதாது, தேதி போட்டு எழுதிவைத்து ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். படச் செய்தி வந்ததும் வீட்டில் வைத்திருந்தவர்களெல்லாம் கிரேடுக்கு அனுப்புவார்கள். சில மாதங்களில் அவை ஸ்லாப்பாகத் திரும்பி வந்து ஒரே நேரத்தில் சந்தையில் விழும். எண் வேகமாக ஏறுகிறது என்றால் நான் காத்திருப்பேன். ஒரே புத்தகத்தை உறையைப் பிரித்து, அழுத்திச் சமன்செய்து, மேல் கிரேடுக்காக மறுபடி அனுப்புகிறவர்களும் உண்டு. பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் அது இரண்டாகக் கணக்கில் நிற்கும், அதனால் உண்மையில் இருப்பது அந்த எண்ணைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

வதந்தி, அறிவிப்பு, முன்னோட்டம், வெளியீடு. விலை முதல் மூன்றில் ஏறும், நாலாவதில் வாங்க ஆளில்லாமல் போகும், ஏனென்றால் பட நாளை எதிர்பார்த்து வாங்கியவர்கள் எல்லோருமே அப்போது விற்பவர்கள். எடர்னல்ஸ் அப்படித்தான் ஆனது. ஆனால் டெட்பூல் முதலில் வந்த நியூ மியூட்டன்ட்ஸ் 98 (1991) புத்தகத்துக்கு 2016 படத்துக்குப் பிறகும் வாங்க ஆள் குறையவில்லை, கதாபாத்திரத்தை ஜனங்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். படமே வராவிட்டாலும் இந்தக் கதாபாத்திரத்தை யாராவது தேடிப் படிப்பார்களா? என் மனதில் ஆம் என்று வராவிட்டால் முன்னோட்டத்துக்குப் பிறகு தொடமாட்டேன். 2020, 21இல் ஏறின பல புத்தகங்கள் 2022க்குப் பிறகு நன்றாகவே இறங்கிவிட்டன, அந்த உச்ச விலையை "பழைய விலை இது, இப்போது மலிவு" என்று காட்டி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் கழித்தல் கணக்கு ஒன்று போடுங்கள். விற்கும்போது தளம் பத்து சதவீதத்துக்கு மேல் எடுக்கும், பொதிந்து அனுப்பும் செலவு தனி. 100 டாலருக்கு வாங்கியது 110க்கு விற்றாலும் கையில் 100 நிற்காது.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர், எடர்னல்ஸ் முதல் இதழ் ஒரே கிரேடில் சில சமயம் பல மடங்கு விலைக்குப் போவதைக் காட்டி, என் கணக்கு தப்பு என்று எழுதியிருந்தார். அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையின் மேலே சின்னக் கட்டத்துக்குள் 30 சென்ட் என்று இருந்தது. சாதாரணப் பிரதியில் 25 சென்ட். 1976இல் மார்வெல் விலையை ஏற்றுவதற்கு முன் சில ஊர்களில் மட்டும் 30 சென்ட் போட்டு விற்றுப் பார்த்தது, அந்தப் பிரதிகள் அரிது. சராசரியில் அப்படி ஒன்று கலந்தாலே கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். அதனால் படி 1இல் அட்டை விலையைச் சேர்த்திருக்கிறேன்.

இன்னொருவர் ஸ்லாப் இல்லாத ஹல்க் 181 ஒன்றை அட்டை பளபளவென்று இருக்கிறது என்று வாங்கப்போவதாகக் கேட்டார். வாசகர் கடிதப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அந்தக் காலத்து மார்வெல் இதழ்களில் வெட்டிச் சேகரிக்கச் சொல்லி ஒரு சின்ன முத்திரை அச்சிட்டிருப்பார்கள், சிறுவர்கள் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவார்கள், அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்று நாள் கழித்து அவருக்குப் படம் வந்தது. பக்கத்தின் ஓரத்தில் நேர்த்தியாக வெட்டிய ஒரு சதுர ஓட்டை, அதன் வழியே அடுத்த பக்கத்தின் விளம்பரம் தெரிந்தது. அவர் வாங்கவில்லை.