டி-சோதனைக்கு முன் அட்டவணையைச் சரிபாருங்கள்

எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டிலும் மெனுவைத் திறந்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையைத் தேர்ந்தெடுக்க அரை நிமிடம் போதும். ஆய்வு மாணவர்கள் இடறுவது அதற்கு முன்னால், தரவை அடுக்கும் இடத்தில். பிழைச்செய்தி வந்தால் நல்லது, உடனே திருத்திவிடலாம். தவறான அடுக்குக்கும் மென்பொருள் ஒரு பி-மதிப்பைத் (உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) தந்துவிடுகிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் புள்ளியியலாளர் கோசெட் 1908இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தரவு இருக்கிறது. 10 நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள். ஒவ்வொருவரும் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆளின் இரண்டு அளவீடுகள் என்பதால் 10 வரிசைகள், மருந்துக்கொரு நெடுவரிசை என்று அடுக்கி, இணை டி-சோதனை செய்ய வேண்டும். அப்போது பி-மதிப்பு 0.003க்கு அருகில் வரும். அதே எண்களை 20 வரிசைகளாக்கி, 1, 2 என்று குழு எண் கொடுத்துச் சார்பற்ற குழுக்களுக்கான சோதனையில் போட்டால் 0.079. எண் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் பி-மதிப்பு வழக்கமான 0.05 எல்லையைத் தாண்டியதால் முடிவு தலைகீழாகிவிட்டது!

வெவ்வேறு ஆட்களை ஒப்பிடும்போது நேர்மாறான தவறு நடக்கும். ஆண்கள் மதிப்பெண் ஒரு நெடுவரிசை, பெண்கள் மதிப்பெண் பக்கத்தில் இன்னொன்று என்று எக்செல் பழக்கத்தில் தட்டிவிடுவார்கள். ஒரே வரிசையில் இருப்பவை ஒரே ஆளுக்கு உரியவை என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மதிப்பெண் எல்லாம் ஒரே நெடுவரிசையில், பாலினம் தனி நெடுவரிசையில் இருக்க வேண்டும்.

எக்செல்லில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்துவதும் கூடவே கூடாது. சராசரி அப்படியே இருக்கும். யாருடைய எண் யாருக்கு என்பது குலைந்துபோகும். மூலக்கோப்பின் நகல் இல்லையென்றால் மீட்க வழியில்லை. அடியில் 'மொத்தம்' வரிசை இருந்தால் நீக்கிவிடுங்கள், மென்பொருள் அதையும் ஓர் ஆளாக எண்ணிவிடும்.

விடுபட்ட பதிலுக்கு 99 போடுகிறவர்கள் அதை விடுபட்ட மதிப்பு என்று அறிவிக்க மறக்கிறார்கள். 1 முதல் 5 வரையிலான கேள்விக்கு 49 பேரின் சராசரி 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவதாக ஒரே ஒரு 99 நுழைந்தால் சராசரி 4.92.

இரண்டு வகைப்பாடுகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனைக்குத் தொகுத்த எண்ணிக்கைதான் கையில் இருக்கிறதா? எஸ்பிஎஸ்எஸ்ஸில் டேட்டா மெனுவின் 'வெயிட் கேசஸ்' பகுதியில் அந்த எண்ணிக்கை நெடுவரிசையைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் 100 பேரின் இரண்டுக்கு இரண்டு அட்டவணையை அது வெறும் 4 பேராகவே கணக்கிடும்.