சரிவை வெட்டாதீர்கள்: ரேஸ் டிராக் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தைச் சுற்றி கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்ன ரேஸ் வண்டி) டிராக் போடும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஓமலூர் பக்கம் ஹைவே ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர், காலேஜில் சொந்தமாகக் கார்ட் கட்டி கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிவிட்டு வந்த பசங்க என்று எல்லாரும் கையில் ஒரு வரைபடத்தோடு வருகிறார்கள். நிலத்துக்கு லெவல் எடுப்பதும் மண் வேலையும்தான் என் தொழில், ரேஸ் மேல் சின்ன வயதிலிருந்தே பிரியம், அதனால் என்னிடம் காட்டுகிறார்கள். பார்த்ததும் தெரிந்துவிடும். நாங்கள் இந்த வேலையில் இறங்கிய காலத்தில் போட்ட அதே கோடுகள்.

டயர் சுவரைச் சேர்த்துக் கட்டுங்கள், பிட்டிலிருந்து (வண்டியை நிறுத்தி டயர் மாற்றும் இடம்) வெளியே வரும் வழியை வேகமான வளைவில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள், தீயணைப்பான் வையுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தையெல்லாம் போட்டு, பாதுகாப்பையும் சரியாகச் செய்து, அப்புறமும் டிராக் சப்பென்று இருக்கிறதே, ஒருமுறை ஓட்டியவர் மறுபடி வருவதில்லையே, அது ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெரிய ஃபார்முலா ஒன் சர்க்யூட்டுகளிலும் இதே பிரச்சினைதான், அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன்.

நேர்ச்சாலையை நீட்டினால் முந்திக்கொள்வார்கள் என்று நம்புவது

2010, அபுதாபி, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். புள்ளிப் பட்டியலில் ஃபெராரி ஓட்டுநர் அலோன்சோதான் முதலிடம். டயர் மாற்றிவிட்டு வெளியே வந்தவர் பெட்ரோவின் ரெனோ காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார், கொடி விழும்வரை அவரைத் தாண்ட முடியவில்லை, பட்டம் ரெட் புல் ஓட்டுநர் வெட்டலுக்குப் போனது. அபுதாபியின் யாஸ் மரீனா அப்போது புத்தம் புது சர்க்யூட், நேர்ச்சாலைக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனால் முன்னால் போகும் கார் கலக்கிவிட்ட காற்றில் பின்னால் வரும் காரின் இறக்கைகள் ஒழுங்காக வேலை செய்யாது, வளைவில் ஒட்டிக்கொண்டு போக முடியாது, வளைவில் விட்ட தூரத்தை நேர்ச்சாலையில் பிடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 2021-ல் அந்த நீண்ட நேர்ச்சாலைக்கு முன்னால் இருந்த சிக்கேனை (வேகத்தைக் குறைக்க வைக்கும் இடம்-வலம் சிறு வளைவுகள்) எடுத்துவிட்டு, கொண்டை ஊசி வளைவை அகலமாக்கினார்கள்.

கார்ட்டில் இறக்கை கிடையாது, ஆனாலும் கணக்கு மாறாது. நேர்ச்சாலையின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அதற்கு முந்தைய வளைவைப் பாருங்கள். அதில் இரண்டு விதமாக நுழைந்து வெளியே வர முடிகிறதா? முடியாவிட்டால் எவ்வளவு நீட்டினாலும் வரிசையாகத்தான் போவார்கள்.

வளைவுகளை எண்ணுவது

சவுதியின் ஜெட்டாவில் 27 வளைவு, பிரேசிலின் இன்டர்லாகோஸில் 15. எண்ணிக்கை கூடினால் பந்தயம் நன்றாகிவிடாது, எந்தப் பந்தயத்துக்காக ராத்திரி கண்விழிப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலத்தைச் சமப்படுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

மலையடிவாரத்தில், குப்பனூர் போகும் பக்கம், ஒரு குடும்பத்துக்கு நிலம். வடக்கு மூலையில் ஒரு சின்னக் கரடு, அங்கிருந்து தெற்கே ஓடை வரைக்கும் சீரான சரிவு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நின்று பார்த்தாலே டிராக் கண்ணுக்குத் தெரிந்தது. கரட்டைச் சுற்றிக்கொண்டு ஏறும் நீண்ட வளைவு, உச்சியில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இடது பக்கம் திருப்ப வேண்டும், அங்கிருந்து ஓடைப் பக்கம் இறக்கத்தில் பிரேக் பிடித்து ஒரு கொண்டை ஊசி. லெவல் எடுத்து, காண்டூர் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) வரைந்து, கோட்டின் மேலேயே டிராக்கையும் போட்டுக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது இரண்டு ஹிட்டாச்சி ஓடிக்கொண்டிருந்தது. கரட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். "கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி ஆக்கிட்டா டிசைன் எப்படி வேணும்னாலும் போட்டுக்கலாம்ல, அண்ணா" என்றார் அந்த வீட்டுப் பையன். கம்ப்யூட்டரில் அவரே வரைந்த டிராக் போனில் இருந்தது, அழகான படம்தான், ஆனால் மேடு பள்ளமே இல்லாத திரையில் வரைந்தது. படத்துக்காக நிலத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கரட்டுக்குள் பாறை இருந்தது. இந்தப் பக்கம் நாலு அடி தோண்டினால் பாறை வரும் என்று கிணறு வெட்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார். பக்கெட் போதாமல் பிரேக்கர் மாட்டினார்கள், மணிக்கணக்கில் வாடகை ஏறியது. நிரப்பிய பக்கம் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் ஒன்று. மண்ணை ஒவ்வொரு அடுக்காகப் பரப்பித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டியிருக்க வேண்டும், டிப்பரில் கொண்டுவந்து கொட்டி மேலாக மட்டும் உருட்டி, அதன்மேல் ஜல்லியும் தாரும் போட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் நிரப்பின பக்கம் அமுங்கியது. வெட்டின மண்ணும் நிரப்பின மண்ணும் சேர்கிற கோட்டிலேயே தார் நீளமாகப் பிளந்தது. அதுவரை தானாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் போக வழியில்லாமல் டிராக்கில் நின்றது. சரி, இதையெல்லாம் பணம் போட்டுச் சரிசெய்யலாம், அவர்களும் செய்தார்கள். வெட்டின சரிவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

சரிவு என்ன செய்கிறது? ஏற்றத்தில் பிரேக் பிடித்தால் வண்டி சீக்கிரம் நிற்கும், அதனால் துணிந்தவன் இன்னும் தாமதமாகப் பிடித்துப் பார்ப்பான். இறக்கத்தில் எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் லேசாகிவிடும், கொஞ்சம் தப்பினாலும் பின்பக்கம் விலகும். மேட்டின் உச்சியில் டயரின் பிடி குறையும், பள்ளத்தில் அழுத்தம் கூடிப் பிடி அதிகரிக்கும். ஒரே அளவு வளைவை ஏற்றத்திலும் இறக்கத்திலும் போட்டால் அவை இரண்டு வேறு வேறு வளைவுகள். ஓட்டுபவர்கள் தப்புப் பண்ணுவதற்கு இடம் இருந்தால்தான் பின்னால் வருபவனுக்கு முந்த இடம் கிடைக்கும். தட்டையான டிராக்கில் எல்லாரும் ஒரே இடத்தில் பிரேக், ஒரே இடத்தில் ஆக்சிலரேட்டர் என்று சீக்கிரமே கற்றுக்கொண்டு விடுகிறார்கள், அப்புறம் அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

உலகம் முழுக்க ரசிகர்கள் பெயர் சொல்லும் சர்க்யூட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் ஸ்பாவில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 100 மீட்டர் வித்தியாசம், இன்டர்லாகோஸில் சுமார் 40. ஜப்பானில் சுசூகாவின் எஸ் வளைவுகள் ஏற்றத்தில்தான் இருக்கின்றன. புதிய சர்க்யூட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவற்றில் பலவற்றை வடிவமைத்த ஹெர்மன் டில்கேயைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இஸ்தான்புல்லின் எட்டாவது வளைவு, உள்பக்க விளிம்பை நாலு இடத்தில் தொட்டுக்கொண்டு போகும் அந்த நீண்ட இடது வளைவு, அவர் போட்டதுதான். ஆஸ்டினில் செங்குத்தாக ஏறிப்போய் உச்சியில் திரும்பும் முதல் வளைவும் அவர் கைவேலைதான். தட்டையான கடற்கரையில் ரஷ்யாவின் சோச்சி சர்க்யூட்டைப் போட்டவரும் அவரே. மனிதர் ஒருவர்தான், கிடைத்த நிலம் வேறு.

டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் புத் சர்க்யூட் வந்தபோது அங்கே மேடே கிடையாது, வெறும் சமவெளி. மண்ணைக் கொண்டுவந்து கொட்டி முதல் வளைவிலிருந்து மூன்றாவது வளைவு வரைக்கும் ஏற்றம் உண்டாக்கினார்கள். அவர்கள் காசு கொடுத்துச் சரிவை வாங்கினார்கள். சேர்வராயன் மலை நமக்குச் சும்மா கொடுத்திருக்கிறது, அதை நாம் காசு கொடுத்து வெட்டுகிறோம்.

பார்க்க வருகிறவர்களுக்கும் சரிவு வேண்டும். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் இயற்கையான கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருப்பதால் மேட்டில் உட்கார்ந்தால் சின்ன சுற்று ஏறக்குறைய முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். ஒரு வளைவில் தொடங்கிய போட்டி அடுத்த வளைவில் எப்படி முடிகிறது என்பதை அங்கிருந்தே பார்த்துவிடலாம். தட்டையான இடத்தில் வேலிக்கு அப்பால் ஹெல்மெட் மட்டும் போகும். குப்பனூர் பக்கத்து அந்தக் கரட்டில் படிக்கட்டு கூட வெட்ட வேண்டியதில்லை, துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அதைத்தான் உடைத்தார்கள்.

ஏற்காடு மலைப்பாதையை ஒரு தடவை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கவனியுங்கள். மலையை நேராக வெட்ட முடியாததால் காண்டூரைத் தொட்டுக்கொண்டே பாதை போட்டிருக்கிறார்கள், அதனால் இருபது கொண்டை ஊசியும் இருபது விதம். எதில் முன்னாலேயே கியர் குறைக்க வேண்டும், எதில் அகலமாக ஒதுங்கித் திருப்ப வேண்டும் என்பது டிரைவருக்குத் தனித்தனியாகத் தெரியும். நிலத்தின் பேச்சைக் கேட்டுப் போட்ட பாதைக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு குணம் இருக்கும்.

ஆகவே முதலில் சர்வேயரை வைத்து லெவல் எடுங்கள். காண்டூர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை நடந்து பாருங்கள், மழை பெய்யும்போதும் ஒருமுறை போய்த் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் கோடும் பிட்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அந்த இடத்தை மட்டும் வெட்டுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் கடைசியில்.

உங்கள் நிலம் நிஜமாகவே தட்டை என்றால் கவலை வேண்டாம். சில்வர்ஸ்டோன் பழைய போர்க்கால விமானத்தளம்தான். நம் சோழவரத்திலும் விமான ஓடுதளத்தில்தான் ஓட்டினார்கள், அதற்கப்புறம் 1990-ல் வந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம் கிடையாது. அங்கெல்லாம் வேகமான வளைவுகள்தான் மேட்டின் வேலையைச் செய்கின்றன. இருப்பதை அழித்துவிட்டு இல்லாததற்கு ஏங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏற்காடு ரோட்டில் பழகுவது

வேண்டவே வேண்டாம். எதிரே பஸ் வரும், குடும்பங்கள் வரும்.

எல்லையைப் பெயின்ட்டில் போடுவது

1994-ல் இமோலாவில் ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கரும் சென்னாவும் விபத்தில் இறந்த பிறகு சர்க்யூட்டுகள் பாதுகாப்புக்காக நிறைய மாறின. சரளை போட்டிருந்த ஓரங்கள் பல இடங்களில் தாராக மாறியது அதில் ஒன்று. அதற்கு நியாயமான காரணம் உண்டு. தாரில் பிரேக் பிடிக்கும், சரளையில் கார் புதைந்து கவிழலாம், சில சமயம் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டே போகும். 2022 சில்வர்ஸ்டோனில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சரளையைக் கடந்து டயர் சுவரையும் தாண்டி வேலியில் போய் நின்றதை மறக்க முடியாது.

ஆனால் தாருக்கு ஒரு விலையும் உண்டு. கோட்டைத் தாண்டினால் எந்த நஷ்டமும் இல்லை என்றால் எல்லாரும் தாண்டுவார்கள். 2023 ஆஸ்திரியாவில் 1,200-க்கு மேற்பட்ட எல்லை மீறல் சந்தேகங்களைப் பரிசீலிக்க வேண்டியிருந்தது, பந்தயம் முடிந்து மணிக்கணக்கில் கழித்து முடிவே மாறியது. கண்ணால் பார்த்த முடிவு முடிவில்லை என்றால் ரசிகர் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? அடுத்த வருடம் அங்கே கடைசி இரண்டு வளைவுகளில் கெர்புக்கு (டிராக் ஓரத்துக் கட்டை) வெளியே ஒரு பட்டைச் சரளை போட்டார்கள். பிரச்சினை பெருமளவு அடங்கியது.

கார்ட்டுக்குச் சரளை கூடாது, கல் டிராக்குக்கு வரும், ஓட்டுபவர் உட்காருவதே தரைக்குப் பக்கத்தில். செம்மண்ணை அப்படியே விட்டாலும் புழுதி ஏறி அடுத்த வளைவு வழுக்கும். கெர்புக்கு வெளியே ஒரு கார்ட் அகலத்துக்கு அருகம்புல், சொட்டு நீர் போட்டுப் பச்சையாகவே வைத்திருங்கள், அதற்கு அப்பால் கெட்டியான தரை, அப்புறம் டயர் சுவர். வெளியே போனவனுக்கு நேரம் போகும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே அகலம்

ஃபார்முலா ஒன் தரத்துக்குப் புது சர்க்யூட்டில் 12 மீட்டர் கேட்கிறார்கள் என்று கார்ட்டுக்கும் அதையே போடாதீர்கள், 8 மீட்டர் தாராளம். மிச்சப்படும் தாரை பலமாகப் பிரேக் பிடிக்கும் இடத்தில் போட்டு அங்கே மட்டும் அகலமாக்குங்கள்.

மொனாக்கோ மாதிரி ஒன்று

2025-ல் மூன்று செட் டயர் கட்டாயம் என்று விதி போட்டும் அந்தக் குறுகிய தெருக்களில் முந்த இடமில்லாமல் ஊர்வலம்தான். ஊருக்காகவும் அதன் வரலாற்றுக்காகவும் பார்க்கிறோம், அவை உங்கள் நிலத்தில் வராது.

ஒரே மூச்சில் தார் போட்டு முடிப்பது

பார்சிலோனாவில் 2007-ல் சேர்த்த கடைசி சிக்கேனை 2023-ல் விட்டுவிட்டுப் பழைய வேகமான வளைவுக்கே திரும்பினார்கள். மெல்பர்னில் 2022-ல் ஒரு சிக்கேனை எடுத்தார்கள், சிங்கப்பூரில் 2023-ல் நாலு வளைவைக் குறைத்தார்கள். அவ்வளவு பணமும் கணக்கும் இருப்பவர்களுக்கே ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. நீங்கள் ஜல்லி போட்டு உருட்டியதும் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு ஒரு பழைய காரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடி அடுக்குத் தார் மட்டும் போட்டு, கூம்பு வைத்து ஒரு மழைக்காலம் ஓட்டுங்கள், எங்கே அமுங்குகிறது, எங்கே யாரும் முந்துவதில்லை என்று தெரிந்த பிறகு மேல் அடுக்கைப் போடலாம். மாற்றத்துக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். தேவைப்படாமல் போனால் அந்தப் பணத்தில் பார்வையாளர் மேட்டில் வேப்பங்கன்று வாங்கி வைக்கலாம், மே மாதச் சேலத்தில் தகரக் கூரைக்குக் கீழே யாரும் அரை மணி நேரம்கூட உட்கார மாட்டார்கள்.