ஈசிஜில தப்பு துடிப்ப கண்டுபிடிக்க ஒரு குட்டி மாடல்: 99% வந்தா நம்பாதீங்க

பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சா போதும். கீராஸ் (மாடல் கட்ட), டபிள்யூஎஃப்டிபி (ஈசிஜி ஃபைல படிக்க) ரெண்டு பேக்கேஜையும் போட்டுக்கோங்க, சாதா லேப்டாப்பே தாங்கும்.

டேட்டா, ஃபிசியோநெட் சைட்ல ஃப்ரீயா கிடைக்குற எம்ஐடி-பிஐஎச்ங்குற ஈசிஜி தொகுப்பு. 1975லருந்து 79 வரைக்கும் பாஸ்டன் பெத் இஸ்ரேல் ஹாஸ்பிடல் லேப்ல சேர்த்தது, 47 பேரோட 48 ரெக்கார்ட், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம், செகண்டுக்கு 360 சாம்பிள். ஒவ்வொரு துடிப்புக்கும் கார்டியாலஜிஸ்டுங்க லேபிள் போட்டு வெச்சிருக்காங்க, நமக்கு பாதி வேலை மிச்சம்.

மொதல்ல 208ன்னு இருக்க ரெக்கார்ட ப்ளாட் பண்ணி சும்மா அஞ்சு நிமிஷம் பாருங்க. நார்மல் துடிப்பு ஊசி மாதிரி ஒல்லியா இருக்கும், வி லேபிள் போட்டது, அதாவது கீழறைலருந்து சீக்கிரமா வர்ற தப்பு துடிப்பு, அகலமா அசிங்கமா நிக்கும், 0.12 செகண்டுக்கு மேல, அதாவது 43 சாம்பிளுக்கு மேல. கண்ணாலயே தெரியுதுல்ல, மாடலும் இதத்தான் கத்துக்கும்.

அடுத்து வெட்டுறது. லேபிள் இருக்க எடத்துலருந்து முன்னாடி 90, பின்னாடி 90 சாம்பிள், மொத்தம் அரை செகண்ட். 102, 104, 107, 217 நாலும் பேஸ்மேக்கர் வெச்சவங்களோடது, தூக்கிடுங்க. மாடலுக்கு ஒன்-டி சிஎன்என் (அலையோட உருவத்த கத்துக்குற ஒரு வகை நியூரல் நெட்வொர்க்) ரெண்டு மூணு லேயர் போதும்.

இங்க ஒரு சிக்கல். மேலறைலருந்து சீக்கிரமா வர்ற துடிப்பு, அதான் எஸ் வகை, பெரும்பாலும் உருவத்துல நார்மல் மாதிரியேதான் இருக்கும், முந்திக்கிட்டு வர்றது மட்டும்தான் வித்தியாசம், ஆனா அரை செகண்ட மட்டும் வெட்டி குடுத்தா அது முந்துச்சா பிந்துச்சான்னு மாடலுக்கு எப்படி தெரியும்? அதனால முந்தின துடிப்புக்கும் இதுக்கும் நடுவுல உள்ள இடைவெளியையும் தனி இன்புட்டா குடுங்க, அந்த ஆளோட சராசரி இடைவெளியால வகுத்து.

இப்ப டேட்டாவ ட்ரெயின் (மாடல் கத்துக்க), டெஸ்ட் (சோதிச்சு பார்க்க)னு பிரிக்கிறது. நான் மொத தடவ எல்லா துடிப்பையும் ஒண்ணா கலக்கிட்டு பிரிச்சேன், 99% வந்துச்சு, ஃப்ரெண்டுக்கெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன், அப்புறம்தான் உறைச்சுது, ஒரே ஆளோட துடிப்பு ரெண்டு பக்கமும் இருக்கு, மாடல் நோயை கத்துக்கல, ஆள அடையாளம் கண்டுபிடிச்சிருக்கு. ஆள் வாரியா பிரிச்சதும் எஸ் வகைல பாதிக்கு மேல கோட்டை விட்டுச்சு. 201, 202 ரெண்டும் ஒரே ஆளோடதுதான், ரெண்டையும் ஒரே பக்கம் போடுங்க.

அக்யூரசிய பார்க்காதீங்க, முக்கால்வாசிக்கு மேல நார்மல்தான், எல்லாத்தையும் நார்மல்னு சொன்னாலே நல்ல மார்க் வரும். வி, எஸ் ரெண்டுக்கும் தனித்தனியா ரீகால், அதாவது உண்மைல இருக்கறதுல எத்தனைய பிடிச்சுதுன்னு பாருங்க, கம்மியா இருக்க வகைக்கு மதிப்பு கூட்டுற கிளாஸ் வெயிட்டும் குடுங்க.

உங்க வாட்ச்ல எடுத்த ஈசிஜிய இதுல போட்டு பயந்துக்காதீங்க, அது வேற லீடு, அதாவது உடம்புல வேற எடத்துலருந்து எடுத்த சிக்னல்.