கேரவன் ஏசி ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுதா? கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க

ஏசி ஒரேயடியா செத்துப்போனா பிரச்சினையே இல்ல, எது போச்சுன்னு அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிடலாம். ராத்திரி நல்லா ஓடிட்டு 11 மணிக்கு நின்னு, மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஒண்ணுமே தெரியாத மாதிரி ஜில்லுனு ஓடுற ஏசி இருக்கே, அதுதாங்க ஆளைக் கொல்லும். நானும் மச்சானும் சேர்ந்து வாங்கின இழுவை கேரவன் டிரெய்லர்ல போன ஏப்ரல்ல இதே கதை, பெங்களூரு பேகூர் பக்கம் ஒரு சைட்ல நிறுத்தி வெச்சிருக்கோம், ரெண்டு தடவை கேஸ் ஏத்தினாங்க, ஒரு தெர்மோஸ்டாட் மாத்தினாங்க, மூணாவது ஆள் கன்ட்ரோல் போர்டு போச்சுன்னார். கடைசில பார்த்தா வெளிய கரண்ட் குத்துற சாக்கெட்டுக்குள்ள நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி அந்த இடமே கருகிக் கிடக்கு. வீட்டு ஏசி சுவத்துல சும்மா இருக்கும், இது சில்க் போர்டு குழியில இருந்து ஏற்காடு வளைவு வரைக்கும் குலுங்கிட்டே வருது, அதனால சந்தேகம் முதல்ல ஜாயின்ட் மேலதான் வரணும்.

முதல் வேலை, நிக்குற நேரத்துல என்ன நடக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, நேரம், வெயில், எந்த சப்ளை, வேற என்ன ஓடிச்சுன்னு எல்லாம். சிரிக்காதீங்க, பாதி பதில் இதுலயே வந்துடும். டிஸ்ப்ளேயும் சேர்ந்து அணைஞ்சா கோளாறு ஏசிக்கு வெளிய, பிளக், சாக்கெட், எம்சிபி (லோடு கூடினா தானா கட் ஆகுற ஸ்விட்ச்), சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (வெளி கரண்ட்டா ஜெனரேட்டரான்னு மாத்துறது) இதுல ஒண்ணு. ஃபேன் மட்டும் ஓடி கம்ப்ரஸர் "ம்ம்ம்"னு முனகி "டிக்"குனு கட் ஆகி, ஒரு பத்து இருபது நிமிஷம் கழிச்சு தானா ஓடினா, அது கம்ப்ரஸரைக் காப்பாத்துற ஓவர்லோடு ஸ்விட்ச் வேலை பண்றது. சூடானா கட் பண்ணும், ஆறினா சேர்க்கும், மெக்கானிக் வர்றதுக்குள்ள ஆறிடும், அவ்ளோதான் மர்மம். கம்ப்ரஸர் முனகாம நின்னு மூணு நிமிஷத்துல எழுந்தா பெரும்பாலும் கோளாறே இல்ல, ரூம் குளிர்ந்திருக்கும், அந்த மூணு நிமிஷ டிலே வேணும்னே வெச்சது. காத்து கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னா உள்ள கூலிங் காயில் மேல ஐஸ் பிடிச்சிருக்கு, ஃபில்டரைக் கழுவுங்க, கரண்ட் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது வோல்டேஜ், இதைத்தான் எல்லாரும் தப்பா பார்க்கிறாங்க. ஏசி ஆஃப்ல இருக்கும்போது 230 காட்டுதுன்னு திருப்தியாகக் கூடாது. டிரெய்லருக்கு உள்ள இருக்கற இன்னொரு சாக்கெட்ல மீட்டரைக் குத்தி வெச்சிட்டு, ஆஃப்ல ஒண்ணு, கம்ப்ரஸர் கிளம்புற அந்த நொடி ஒண்ணு, ஓடிட்டு இருக்கும்போது ஒண்ணு, மூணு ரீடிங் எடுங்க (குறைஞ்ச, கூடின ரீடிங்கைப் பிடிச்சு வெக்கிற Min/Max பட்டன் இருக்கற மீட்டரா பெங்களூரு எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல பார்த்து வாங்கிக்கோங்க, அந்த நொடியைக் கண்ணால பிடிக்க முடியாது). ஓடும்போது 207க்குக் கீழ போச்சுன்னா கம்ப்ரஸர் திணறும்.

கீழ போறதுக்குப் பெரிய காரணம் எக்ஸ்டென்ஷன் வயர்தான். கணக்கு போடுவோம், 0.75 ஸ்கொயர் எம்எம் வயர் 30 மீட்டர்னா போக வர 60 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஓம். 6 ஆம்ப் இழுக்கற ஒரு டன் ஏசிக்கு அதுலயே 9 வோல்ட் போச்சு. கிளம்பும்போது 30 ஆம்ப் இழுத்தா 45 வோல்ட் காலி, 230 வந்தாலும் கம்ப்ரஸருக்குக் கிடைக்கிறது 185தான், அப்புறம் அது எப்படிங்க கிளம்பும்? அதே நீளம் 2.5 ஸ்கொயர் எம்எம்ல அந்த நொடிக்கு 15 வோல்ட்தான் விழும். வயரைச் சுருட்டி வெச்சபடியே ஓட்டாதீங்க, நடுவுல இருக்கற சுத்து உருகிடும், அப்புறம் 6 ஆம்ப் பிளக் அடாப்டர் போட்டு ஏசி ஓட்டுற பழக்கம் இருந்தா இன்னிக்கே குப்பையில போடுங்க.

வயர் சரியா இருந்தும் வோல்டேஜ் விழுந்தா ஜாயின்ட் தேடணும். ஏசியை அரை மணி நேரம் ஓட்டிட்டு, எம்சிபி ஆஃப் பண்ணி, பிளக்கை உருவி பின்னைத் தொட்டுப் பாருங்க, எது சுடுதோ அங்கதான் ஆள் இருக்கான். சப்ளையை மொத்தமா பிடுங்கிட்டு (ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தா அதையும்) எம்சிபி இருக்கற டிபி பாக்ஸ், சேஞ்ச்ஓவர், ஏசிக்குப் போற ஜங்ஷன் எல்லாம் திறந்து ஒவ்வொரு வயரையும் லேசா இழுங்க, மீட்டரை பீப் மோட்ல வெச்சு வயரை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தா மாட்டிக்கிச்சு. கரண்ட் இருக்கும்போது ஆட்டிப் பார்க்கிற வீரம் வேண்டாம். எங்களுதுல வீட்டுக்குப் போடுற சிங்கிள் ஸ்ட்ராண்ட் கம்பியைப் போட்டிருந்தாங்க, குலுங்கற வண்டிக்கு மல்டி ஸ்ட்ராண்ட் வயர், நுனில லக்னு ஒரு உலோக முனை வெச்சு, கருவியால அழுத்தி கிரிம்ப் பண்ணிப் போடணும், முறுக்கி டேப் சுத்துறது ஜாயின்ட்டே இல்ல. கருகின சாக்கெட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு திரும்ப மாட்டாதீங்க, புதுசு போடுங்க.

இதெல்லாம் சரின்னா அடுத்து கம்ப்ரஸர் கிளம்ப உதவுற கெபாசிட்டர். 35 மைக்ரோஃபாரட், 5 சதவீதம்னு அச்சடிச்சிருந்தா 33க்குக் கீழ வந்தா மாத்திடுங்க. சூட்டுல மட்டும் குறையற கெபாசிட்டரும் உண்டு, அதனால ஏசி நின்ன உடனே அளக்கறது நல்லது, ஆனா பிளக்கை உருவின பிறகும் அதுல சார்ஜ் நிக்கும், ரெசிஸ்டர் வெச்சு இறக்கத் தெரியாதுன்னா தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க, ஸ்க்ரூடிரைவரை வெச்சு "டப்"புனு அடிக்கிறது வேண்டவே வேண்டாம்.

சில டிரெய்லர்ல தெர்மோஸ்டாட்டுக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் 12 வோல்ட் பேட்டரில இருந்து போகும். ராத்திரி லைட், ஃபேன், தண்ணி பம்ப்னு எல்லாம் ஓடி பேட்டரி இறங்கினா 230 ஜோரா இருந்தும் ஏசி கண்ணை மூடிடும். பம்ப் ஓடுற நேரத்துல ஏசி நிக்குதான்னு உங்க நோட்டைப் பாருங்க.

இன்னொண்ணு, டிரெய்லர் பாடியைத் தொட்டா சுருக்குனு இருந்தா ஏசியை மறந்துட்டு முதல்ல கரண்ட்டைப் பிடுங்குங்க. எர்த் இல்லாத இடத்துல மெட்டல் பாடில கரண்ட் நின்னா, கீழ ஈரத்துல நிக்கறவங்க உயிர் போயிடும். எர்த்தும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாம ஓட்டாதீங்க, இது மட்டும் எலக்ட்ரீஷியன் வேலை, நாமளே நோண்டக் கூடாது.

சரி பண்ண அன்னிக்கு ஓடிச்சுன்னு நம்பிடாதீங்க, வண்டியை ஓசூர் வரைக்கும் ஒரு தடவை இழுத்துட்டுப் போய்ட்டு வந்து, மதியம் வெயில்ல நிறுத்தி ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டி, பிளக்கை உருவித் திரும்பத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கை வைக்க முடியலன்னா அந்த ஜாயின்ட்டை மறுபடியும் திறங்க.