டெல்லியில் வாங்கிய பழைய காரை மதுரைக்குக் கொண்டு வருவது எப்படி: ஓட்டியா, ஏற்றியா?

"அண்ணே, வண்டி பிடிச்சிருக்கு. ஓட்டியே வந்துரவா, இல்ல லாரியில ஏத்தி விட்ரவா?"

சித்தப்பா மகன் டெல்லி கரோல் பாகில் நின்றுகொண்டு போனில் கேட்டான். 2018 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஒரே ஓனர், 58,000 கிலோமீட்டர். நான் திருப்பி மூன்று கேள்வி கேட்டேன். என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) போட்டாயிற்றா? டயர் எந்த வருஷத்தது? அந்த வண்டியை ஒரே மூச்சில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாய்? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை.

நான் டெல்லியிலிருந்து இதுவரை இரண்டு கார் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றை ஓட்டி வந்தேன், மற்றதை ஏற்றி அனுப்பினேன். ஓட்டுவதா ஏற்றுவதா என்று முதல் நாளே முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் இரண்டிலும் கற்றது. முதலில் காகிதம், அப்புறம் வண்டியின் உடம்பு, அப்புறம் ஒரு சோதனை ஓட்டம். அதற்குப் பிறகு முடிவு தானாக வந்துவிடும். அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: காகிதம்

டெல்லியில் கார் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவும், 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் சேர்ந்து, தலைநகர் வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று ஒரு கெடு வைத்தன. இதில் அவ்வப்போது மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. கெடு நெருங்க நெருங்க விலை இறங்கும். அதனால் வயதான வண்டியாக இருந்தால், என்.ஓ.சி. கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வாகன் என்ற அரசு இணையதளம், எம்பரிவாகன் செயலி இரண்டிலும் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் பாக்கி, தடைப்பட்டியல், சலான் (போக்குவரத்து அபராதம்) எல்லாம் தெரிந்துவிடும். டெல்லி வண்டிக்கு கேமரா சலான் குவிந்து கிடப்பது சாதாரணம். அதைத் தீர்க்காமல் என்.ஓ.சி. நகராது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் கொடுத்தால், அது திருட்டு வண்டியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

விற்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியவை: படிவம் 28 (என்.ஓ.சி.க்கு), படிவம் 29, படிவம் 30 (பெயர் மாற்றத்துக்கு). கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பிரதி கூடுதலாக வாங்கி வையுங்கள். கையெழுத்து ஆர்.டி.ஓ. பதிவில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு கையெழுத்துக்காக மறுபடி டெல்லிக்கு ரயில் ஏற முடியாது.

என்.ஓ.சி. எந்த ஆர்.டி.ஓ.வின் பெயருக்கு என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். மதுரையில் மட்டும் டி.என். 58, 59, 64 என்று மூன்று அலுவலகங்கள். உங்கள் வீட்டு முகவரி எதில் வருகிறதோ அதைத்தான் எழுத வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஓனரின் பாலிசி ஓடிக்கொண்டிருக்கிறதே, அது போதும் என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவுப்படி வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு கூடவே வந்துவிடும். ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடையது, அதற்கான வித்தியாசத்தையும் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள். 2,600 கிலோமீட்டர் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அந்தச் சில ஆயிரம் ரூபாய்தான் உங்களைக் காப்பாற்றும்.

படி 2: வண்டியின் உடம்பு

நகரத்துக்குள்ளேயே ஓடிய காருக்கு ஒரு குணம் இருக்கும். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், நெரிசலில் 30 வேகம். பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். அதே காரை நாள் முழுக்க 90, 100-ல் விரட்டினால் ரப்பர் பாகங்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட ஆரம்பிக்கும்.

டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில், ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (சாலையில் படும் பகுதியின் வெட்டு) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் அதை நம்பி நெடுஞ்சாலை ஏறாதீர்கள். ரப்பர் இறுகிப்போயிருக்கும். நான்கையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் பாருங்கள்.

அடுத்தது ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ரப்பர் குழாய். 2019-ல் நான் வாங்கிய முதல் டெல்லி கார் இதில்தான் மாட்டிக்கொண்டது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி எல்லாம் சுகமாக வந்தது. லலித்பூருக்கு முன்னால் வெப்பமுள் ஏறியது. ஓரங்கட்டுவதற்குள் பானட்டின் இரு பக்கமும் ஆவி. மேல் ஹோஸ், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஊர் மெக்கானிக் ஒரு ஜீப்பின் ஹோஸை அளவுக்கு வெட்டி மாட்டிவிட்டார். நான்கு மணி நேரம் போனது. உடனே எஞ்சினை அணைத்ததால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) தப்பியது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் செலவு எங்கோ போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸை இரண்டு விரலால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கி எழும். கெட்டது அப்பளம் மாதிரி உள்ளே நொறுங்குவது விரலுக்கே தெரியும். கூலன்ட் மூடியைத் திறந்தால் பச்சையோ சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். துருத்தண்ணீர் இருந்தால் யாரோ வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

டைமிங் பெல்ட்டையும் விசாரியுங்கள். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டை அது, ஓடும்போது அறுந்தால் எஞ்சினே கெட்டுப்போகலாம். ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசலில் செயின், அதற்குப் பெல்ட் கவலை இல்லை. டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் பெல்ட். மாற்றிய பில்லைக் காட்ட முடியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மதுரா வரை ஒரு ஓட்டம்

பணம் கொடுத்து வண்டி கைக்கு வந்ததும் ஊர் நோக்கிக் கிளம்பாதீர்கள். காலையில் டெல்லியிலிருந்து மதுரா வரை போய்த் திரும்புங்கள். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஏ.சி. போட்டு, நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுங்கள். இரவு நிறுத்தும்போது அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு விழுந்திருக்கிறதா, ஆயில் அளவு இறங்கியிருக்கிறதா, கூலன்ட் குறைந்திருக்கிறதா, 80 வேகத்தில் ஸ்டியரிங் ஆடியதா என்று பாருங்கள்.

எதுவும் இல்லையென்றால் ஓட்டி வரலாம். சின்னக் குறை என்றால் அங்கேயே சரிசெய்து இன்னொரு நாள் ஓட்டிப் பாருங்கள். காரணம் புரியாத குறை என்றால் யோசிக்காமல் ஏற்றி அனுப்புங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் ஊரில் காட்டிக்கொள்ளலாம்.

படி 4: செலவுக் கணக்கு

பணத்தை வைத்து முடிவெடுக்கலாம் என்று நினைப்பீர்கள். போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். டெல்லி முதல் மதுரை 2,600 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 20 கொடுக்கும் டீசல் காருக்கு 130 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் 12,090. டோலுக்கு நான் 4,500 ஒதுக்குவேன், நான்கு இரவு அறைக்கு 6,000, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு 4,000. ஆக 26,500 சொச்சம். இரண்டாவது காரை அனுப்ப எனக்கு மூன்று இடத்தில் சொன்ன விலை 19,000 முதல் 27,000 வரை. அதோடு போக்குவரத்து இன்சூரன்ஸ், நான் திரும்பி வர ரயில் டிக்கெட். வித்தியாசம் அவ்வளவுதான். உங்களுக்கு ஐந்து நாள் லீவு இருக்கிறதா, கூட ஓட்ட ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் பெரிய கேள்வி.

படி 5: ஓட்டி வருவதென்றால்

வழி குழப்பமே இல்லை. ஆக்ராவிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 நேராக மதுரைக்கே வந்துவிடும். குவாலியர், ஜான்சி, சாகர், சிவனி, நாக்பூர், அதிலாபாத், ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூரு, ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல்.

முதல்முறை ஓட்டுபவர் ஒரு நாளைக்கு 500, 550-க்கு மேல் போகாதீர்கள். இருட்டும் முன் அறை எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கிளம்பினால் ஆக்ரா தாண்டும்வரை பனிமூட்டம் கண்ணை மறைக்கும், வெயில் ஏறிய பிறகே வண்டியை எடுங்கள். சிவனி, நாக்பூர் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் சாலையைத் தூணில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், கீழே விலங்குகள் கடந்து போக. மறுபடி ஓட்டி வந்தால் அந்தத் துண்டைப் பகலில் கடக்கிற மாதிரிதான் திட்டம் போடுவேன், அவ்வளவு அழகு. கடைசி நாள் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள். வீடு பக்கத்தில் வந்துவிட்டது என்ற எண்ணத்தில் கால் தானாக அழுத்தும், அந்த இடம் அதற்கு ஏற்றதல்ல.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று (இல்லாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை), விற்பனைக் கடிதம், விற்றவரின் அடையாள அட்டை நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். ஃபாஸ்டேக் விற்றவர் பெயரில் இருக்கும். ஊர் சேரும்வரை அதை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நீங்களே ரீசார்ஜ் செய்யுங்கள். டேக் வேலை செய்யாவிட்டால் வழக்கமான கட்டணத்தைவிட அதிகமாகக் கட்ட வேண்டும். வழியில் நின்றுவிட்டால் 1033-ஐ அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது.

படி 6: ஏற்றி அனுப்புவதென்றால்

கார் கேரியர் ஏற்றுபவர்கள் ஒரு லோடு நிறையும்வரை காத்திருப்பார்கள். ஏழு நாள் என்று சொன்னது எனக்குப் பதிமூன்று நாள் ஆனது. அவசரம் என்றால் இந்த வழி வேண்டாம்.

விலை மிகக் குறைவாகச் சொல்பவரை ஒதுக்கிவிடுங்கள். பெரிய கம்பெனிப் பெயரை ஒட்டிப் பெயர் வைத்துக்கொண்டு, பாதி வழியில் வண்டியை நிறுத்தி மேற்கொண்டு பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். லாரி ரசீதை (வடக்கே பில்டி என்பார்கள்) அச்சில் வாங்குங்கள். அதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று போட்டிருந்தால், சேதத்துக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று லாரிக்காரர் சொல்வதாக அர்த்தம். போக்குவரத்து இன்சூரன்ஸ் இருப்பதாக வாயால் சொன்னால் போதாது, உங்கள் வண்டி எண் போட்ட சான்றிதழைக் கேளுங்கள்.

கால் டேங்க் எரிபொருள் மட்டும் வையுங்கள். வண்டிக்குள் பெட்டி படுக்கை வேண்டாம், அசல் ஆர்.சி.யும் வேண்டாம். ஃபாஸ்டேக்கைக் கழற்றிவிடுங்கள், கேரியர் மேல் போகும்போதே சுங்கச்சாவடி அதைப் படித்துப் பணத்தை எடுத்துவிடலாம்.

பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும், கூரையும், ஒவ்வொரு வீலும் படம் எடுங்கள். முக்கியமாக ஓடோமீட்டரை. என் இரண்டாவது கார் ஏறும்போது 61,240. மதுரையில் இறங்கியபோது 61,418. நடுவே எங்கோ இறக்கி 178 கிலோமீட்டர் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். டெலிவரி தாளில் கையெழுத்துப் போடாமல் இரண்டு படத்தையும் காட்டினேன். பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார்கள். முழுப் பணமும் முன்பே கொடுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

பைக் வாங்கியவர்களுக்கு ரயில் பார்சலே போதும். ஆர்.சி. நகல், அடையாள அட்டை, பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமல் வடித்த டேங்க். கண்ணாடியை மட்டும் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள்.

படி 7: ஊர் வந்த பிறகு

என்.ஓ.சி., படிவம் 27 (புது எண்ணுக்கு), படிவம் 30 எல்லாம் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதம் வரை வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்வது எண் மாற்றத்துக்குத்தான். பெயர் மாற்றம் தனி, சாலை வரியும் தனி. வரி, வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்தது, சிறு தொகையாக இருக்காது. டெல்லி விலையைப் பார்த்து மயங்கும் முன்பே இதையும் விசாரித்து விலையோடு கூட்டிப் பாருங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மிச்சமுள்ள காலத்துக்குத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு, இங்கே பதிவான பிறகு விண்ணப்பியுங்கள்.

தம்பி மதுரா போய்த் திரும்பினான். ஹோஸ் இரண்டையும் டயர் நான்கையும் மாற்றிக்கொண்டு, நண்பனோடு ஐந்து நாளில் ஓட்டி வந்து சேர்ந்தான். புது ஆர்.சி. வந்த அன்றே அதைப் படம் எடுத்து டெல்லி ஓனருக்கு அனுப்பச் சொன்னேன். பெயர் மாறாதவரை விபத்து நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள ஓனரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் அதுவரை இரண்டு நாளைக்கு ஒரு முறை போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தார்.